கரை கொடுக்காத தீவுகள்: டிரிஸ்டன் டா குன்ஹா

கேள்வி இது: "டிரிஸ்டன் டா குன்ஹா என்கிற எரிமலைத் தீவுக்கூட்டம் எப்படிப்பட்டது? மழை, காற்று எப்படி, என்னென்ன உயிரினங்கள் உண்டு, நம்மால் போக முடியுமா? நீரோடி, கொல்லங்கோடு பக்கத்து ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்."

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான நீரோடிக்காரருக்கு இதை விளக்குவது உண்மையில் எளிது. அலை அடிக்கிற கரையில் வள்ளத்தை இறக்குவதும் திரும்பக் கரை பிடிப்பதும் என்ன பாடு என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தத் தீவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் "உலகத்திலேயே தனிமையான ஊர்" என்று தூரத்தை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். தூரம் பாதிக் கதைதான். கரை இறங்க இடம் இல்லை என்பது மீதிக் கதை. அங்கே மனிதன் எந்தத் தீவில் குடியேறினான், எந்தப் பறவை பிழைத்தது, எது அழிந்தது என்று எதைக் கேட்டாலும் பதில் அந்த இடத்தில்தான் வந்து முட்டும்.

முதலில் இடம். தென் அட்லாண்டிக்கின் நடுவில், 37° தெற்கு, 12° மேற்கு. கேப்டவுனிலிருந்து ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். ஆள் குடியிருக்கும் அடுத்த நிலம் வடக்கே செயின்ட் ஹெலினா. அதுவும் 2,400 கிலோமீட்டருக்கு மேல். பெரிய தீவின் பெயரும் டிரிஸ்டன்தான். சுமார் 98 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட வட்டம், குறுக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பக்கத்தில் இரண்டு சின்னத் தீவுகள்: இன்அக்ஸஸிபிள், நைட்டிங்கேல். பெரிய தீவிலிருந்து இரண்டுமே நாற்பது கிலோமீட்டர் அளவில் உள்ளவை. முதலாவதின் பெயருக்கே 'அணுக முடியாதது' என்றுதான் பொருள். இரண்டாவது நான்கு சதுர கிலோமீட்டர்கூட வராது. இவற்றுக்குத் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளித் தனியாக நிற்பது கஃப் தீவு, 65 சதுர கிலோமீட்டர். அங்கே குடும்பம், ஊர் எதுவும் கிடையாது. 1956 முதல் தென்னாப்பிரிக்காவின் வானிலை நிலையம் ஒன்று இயங்குகிறது, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் ஆண்டு முழுக்க இருப்பார்கள். ஆட்சி எல்லாம் பிரிட்டனுடையது.

1506-இல் இந்தியாவுக்கு வரும் வழியில் இந்தத் தீவைப் பார்த்த போர்ச்சுகீசியத் தளபதி டிரிஸ்டாவோ டா குன்யாவால் கரை இறங்க முடியவில்லை. பெயரை மட்டும் வைத்துவிட்டுப் போனார். நிலையான குடியேற்றம் வர இன்னும் முந்நூறு ஆண்டு ஆனது. செயின்ட் ஹெலினாவில் சிறை வைத்திருந்த நெப்போலியனை யாரும் இந்த வழியாக மீட்டுவிடக் கூடாது என்று 1816-இல் பிரிட்டன் ஒரு காவல்படையை இறக்கியது. அடுத்த ஆண்டு படை திரும்பியபோது வில்லியம் கிளாஸ் என்ற கார்ப்பரல் குடும்பத்தோடு தங்கிவிட்டார். இன்று ஊரில் இருப்பவர்கள் இருநூற்றைம்பது பேருக்கும் குறைவு. பெரும்பாலும் ஏழே ஏழு குடும்பப் பெயர்கள்.

மலை. நடுவில் நிற்கும் குயீன் மேரி சிகரம் 2,062 மீட்டர். நம் அகத்தியர்கூடம் 1,868. அதைவிட இருநூறு மீட்டர் கூடுதல். ஆனால் அகத்தியர்கூடத்துக்குப் பேப்பாறை, போணக்காடு என்று மேற்கே படிப்படியாக இறங்கும் அடிவாரம் உண்டு. இங்கே அது இல்லை. கடலிலிருந்து முந்நூறு முதல் அறுநூறு மீட்டர் வரை செங்குத்தான பாறைச் சுவர். அதன் மேல் சரிவான ஒரு மேட்டுநிலம். அதன் மேல் கூம்பு. கூம்பின் உச்சியில் எரிமலை வாயும், இதய வடிவில் ஒரு சின்ன ஏரியும். சுவருக்கும் கடலுக்கும் நடுவே, வடமேற்கில் மட்டும்தான் சொல்லும்படியான ஒரு ஒடுக்கமான சமதளம் இருக்கிறது. முழுத் தீவின் ஊரும், மேய்ச்சலும், ஊரிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டரில் கல்சுவர் கட்டிப் பிரித்த உருளைக்கிழங்குப் பாத்திகளும் அந்த ஒற்றை விளிம்பில்தான். மற்றப் பக்கங்களில் பார்வைக்கு நிலம் இருக்கும். அநேகமாகக் கால் வைக்க இடம் இருக்காது.

இத்தனை தூரத்தில் எரிமலை எப்படி வந்தது? பூமியின் அடி ஆழத்திலிருந்து சூடான பொருள் ஒரே இடத்தில் மேலே வந்துகொண்டிருக்க, அதன் மேலே கடலடித் தட்டு நகர்ந்துபோகிறது. அடுப்பு அசையாமல் இருக்க, மேலே தோசைக்கல்லை மெதுவாக இழுத்தால் கல்லில் கோடாகக் கருகும் இல்லையா, அதுபோல. அந்தக் கோடுதான் இங்கிருந்து வடகிழக்காக நமீபியா வரை கடலடியில் ஓடும் வால்விஸ் மலைத்தொடர். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்த காலத்தில் இதே அடுப்பு கக்கிய பாறைக்குழம்பு இன்று பெரும்பங்கு பிரேசில் பக்கத்திலும் சிறுபங்கு நமீபியா பக்கத்திலும் கிடக்கிறது. தீவுகளின் வயதை உருவத்திலேயே படிக்கலாம். டிரிஸ்டன் இளசு, அதனால் கூம்பு குலையாமல் நிற்கிறது. இன்அக்ஸஸிபிள் சில பத்து லட்சம் ஆண்டு மூத்தது. கடல் கடித்துக் கடித்துப் பாதி போய்விட்டது. நைட்டிங்கேல் எல்லாவற்றிலும் மூத்தது, தேய்ந்த பல் மாதிரி.

எரிமலை செத்துவிடவில்லை. 1961 ஆகஸ்டில் நில அதிர்வு தொடங்கியது. அக்டோபரில் ஊரின் கிழக்கு ஓரத்திலேயே நிலம் பிளந்து, மேடாக எழும்பி, கல்லும் குழம்பும் கக்கியது. கவனியுங்கள், வெடித்தது உச்சியில் இல்லை, ஊர் ஓரத்தில். இந்த வகை எரிமலையில் குழம்பு எந்த விலாவிலும் வழி தேடிக்கொள்ளும். உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்ற கணக்கு இங்கே பலிக்காது. 264 பேரும் படகில் முதலில் நைட்டிங்கேலுக்கும், பின் கப்பலில் கேப்டவுன் வழியாக இங்கிலாந்துக்கும் போனார்கள். பெரும்பாலோர் 1963-இல் திரும்பிவிட்டார்கள். வீடுகள் அநேகமாகத் தப்பியிருந்தன. போனது சிங்கி இறால் பதப்படுத்தும் ஆலையும், படகு இறக்கும் கரைகளும். இருந்த கொஞ்சம் கரையையும் குழம்பு மூடியது. அதன் பிறகு கட்டியதுதான் கால்ஷாட் துறைமுகம். துறைமுகம் என்றவுடன் தேங்காப்பட்டணத்தை மனதில் கொண்டுவர வேண்டாம். அலையைத் தடுக்க நம் கடற்கரையில் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவுகளில் இரண்டை எதிரெதிராக மடக்கி வைத்த அளவுதான் அது. கப்பல் உள்ளே வர முடியாது. வெளியே நங்கூரமிட்டு நிற்கும். மீன்பிடிப் படகைக்கூட உள்ளே கட்டிப்போட்டு வைப்பதில்லை, வேலை முடிந்ததும் கிரேனால் தூக்கிக் கரையில் வைத்துவிடுவார்கள்.

காற்றையும் மழையையும் புரிந்துகொள்ள நம் கள்ளக்கடலிலிருந்து தொடங்கலாம். பங்குனி, சித்திரை வெயிலில், காற்றே இல்லாத நாளில், திடீரென்று கடல் ஏறி வீட்டுக்குள் வருகிறதே, அந்த அலை இங்கே பிறந்ததில்லை. தெற்கே 30 டிகிரிக்கு அப்பால் ஓயாமல் மேற்கிலிருந்து வீசும் காற்று, அங்கே இந்தியப் பெருங்கடலில் புயலாகக் குமுறும்போது எழுப்புகிற அலை, சில நாள் பயணப்பட்டு நம் கரையில் வந்து விழுகிறது. பூமியைச் சுற்றி ஓடும் அந்த மேற்குக் காற்றுப் பட்டையின் வடக்கு விளிம்பில்தான், அட்லாண்டிக் பக்கத்தில், டிரிஸ்டன் இருக்கிறது. கஃப் 40 டிகிரியில், பட்டைக்குள்ளேயே. நமக்கு ஆண்டில் சில நாள் விருந்தாளியாக வரும் கள்ளக்கடல் அவர்களுக்கு வீட்டுக்காரன்.

அங்கே நம்மைப் போல இரண்டு மழைக்காலம், நடுவில் கோடை என்ற கணக்கு கிடையாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை தாழ்வழுத்தம் கடந்து போகும். முதலில் வடமேற்கிலிருந்து இளஞ்சூடான, ஈரமான காற்று, தூறல், மலை முழுக்க மஞ்சு. பிறகு காற்று சட்டென்று தென்மேற்குக்குத் திரும்பும். குளிரும், வானம் வெளுக்கும், கடல் இன்னும் கெடும். ஊரில் ஆண்டு மழை சுமார் 1,700 மில்லிமீட்டர். மேலே ஏற ஏறக் கூடும். ஆரல்வாய்மொழிக்கு மேற்கே பேச்சிப்பாறைப் பக்கம் கொட்டும்போது கிழக்கே வள்ளியூரில் காற்று மட்டும் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, மலை மேகத்தைத் தடுத்து மழை பிழிவது புதிதில்லை. இங்கே மலை ஒற்றைக் கூம்பு என்பதால் மேகம் தொப்பிபோல உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். பல நாள் சிகரமே தெரியாது. கஃப் நிலையத்தில் மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும்.

வெப்பம் பெரிதாக ஏறி இறங்காது, சுற்றியிருக்கும் கடல் விடாது. ஊரில் பிப்ரவரியில் சராசரி 18 டிகிரி அளவு, ஆகஸ்டில் 12 அளவு. பனி உச்சியில் விழும், ஊரில் நிற்காது. ஆபத்து குளிரில் இல்லை, காற்றில். 2001 மே மாதம் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்தது, மாடுகளைக் கொன்றது. அதற்கும் நூறாண்டு முந்தைய துக்கம் ஒன்று உண்டு. 1885 நவம்பரில், கடந்துபோன ஒரு கப்பலில் பண்டமாற்று செய்யப் படகில் போன 15 ஆண்கள் திரும்பவில்லை. சின்ன ஊரில் 15 ஆண்கள் என்றால் என்ன என்பதை, 2017 நவம்பரில் ஓகி புயல் கடந்துபோன தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி உயிர்கள். நிலத்தில் வாழும் பாலூட்டி, பாம்பு, பல்லி, தவளை எதுவும் இயற்கையாக இல்லை. பறந்து வந்ததும், மிதந்து வந்ததும், காற்றில் வந்த வித்தும்தான். சின்னத் தீவுகளை ஆள் உயரத்துக்கு மேல் வளரும் டஸக் புல் மூடியிருக்கிறது. நாணல் காட்டுக்குள் நுழைவது மாதிரி இருக்கும். மரம் என்றால் பெரும்பாலும் ஃபைலிகாதான். காற்றுக்குப் படுத்து, முறுக்கிக்கொண்டு வளர்வது.

இந்த மரத்துக்கு வந்த நோயைத் தென்னை வைத்திருப்பவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். சுருள் வெள்ளை ஈ தாக்கிய தென்னையில், ஓலையின் அடியில் பூச்சி சாறு உறிஞ்சி இனிப்புத் திரவத்தைச் சொட்டும். கீழ் ஓலையின் மேல்புறம் அது படிந்து, அதில் கரும்பூசணம் வளர்ந்து, ஓலை கரி பூசியது போலாகிவிடும். வெயில் படாமல் மரம் சோர்ந்துபோகும். ஃபைலிகாவில் நடப்பதும் அச்சாக இதுதான்; பூச்சி மட்டும் வேறு, வெளியிலிருந்து வந்த ஒரு செதில் பூச்சி. நைட்டிங்கேலில் மட்டுமே வாழும் வில்கின்ஸ் பண்டிங் என்ற பெரிய அலகுக் குருவிக்கு இந்த மரத்தின் கெட்டியான காயை உடைத்துத் தின்பதுதான் முக்கியப் பிழைப்பு. மொத்தம் நூறு ஜோடிக்கும் குறைவு. மரம் போனால் குருவி போச்சு. மருந்து அடிக்க அங்கே வழியில்லை என்பதால், நாம் தென்னைக்கு என்கார்சியா ஒட்டுண்ணியை விடுவதுபோலவே, 2021-இல் செதில் பூச்சிக்குள் முட்டையிடும் ஒரு பொடிக் குளவியைக் கொண்டுபோய் விட்டார்கள். இந்த முறையில் மரம் ஒரே பருவத்தில் தேறிவிடாது. குளவி முதலில் பெருக வேண்டும். தென்னைக்காரருக்கு இந்தப் பொறுமையும் பழக்கம்தான்.

பறவைகளில் எண்ணிக்கையால் திகைக்க வைப்பது நைட்டிங்கேல். கிரேட் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை பத்து லட்சம் ஜோடிகளுக்கு மேல் அந்தத் துளித் தீவில் வளை தோண்டி முட்டையிடுகிறது. மண் முழுக்கப் பொந்து. ஒரு அடி தவறினால் கால் முழங்கால்வரை இறங்கும், உள்ளே இருக்கும் முட்டை நசுங்கும். அதனால்தான் அங்கே பாதையை விட்டு விலக விடமாட்டார்கள். இனப்பெருக்கம் முடிந்ததும் இவை வட அட்லாண்டிக் வரை போய்த் திரும்புகின்றன.

இன்அக்ஸஸிபிளில் இருப்பது எண்ணிக்கையால் இல்லை, அளவால் பெயர் பெற்றது. நம் வயல் வரப்பில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் குளக்கோழிக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று. எடை சுமார் 40 கிராம். அன்றைக்குப் பொரிந்த கோழிக்குஞ்சு அளவு. பறக்காது. இன்று உலகில் உயிரோடு இருக்கும் பறக்காத பறவைகளில் மிகச் சிறியது. இதன் முன்னோர் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவிலிருந்து பறந்து வந்தவை. துரத்த ஒன்றும் இல்லாத இடத்தில் இறக்கை வீண்செலவு, ஆகவே சுருங்கிவிட்டது. புல்லுக்கடியில் எலிபோலச் சுரங்கப்பாதை போட்டு ஓடுகிறது. எலி ஒரு ஜோடி ஏறினால் இந்தப் பறவையின் கதை முடிந்தது.

அந்த பயம் வெறும் கற்பனை இல்லை. டிரிஸ்டனில் 1882-இல் ஒரு கப்பல் கரை தட்டியபோது கருப்பு எலிகள் இறங்கின. வளைக்குள் முட்டையிடும் பறவைகள் அந்தத் தீவில் நொடித்துப்போனதற்கு எலியும், மனிதன் எடுத்துத் தின்றதும் சேர்ந்தே காரணம். ஆள் குடியேற வசதியான கரை எலிக்கும் வசதி. பக்கத்து இரண்டு தீவுகளும் தப்பித்தது, அங்கே இறங்குவது கஷ்டம் என்ற ஒரே புண்ணியத்தால். 2011 மார்ச்சில் பிரேசிலிலிருந்து சிங்கப்பூருக்கு சோயா ஏற்றிப் போன ஒலிவா என்ற கப்பல் நைட்டிங்கேல் பாறையில் மோதி உடைந்தது. 22 பணியாளர்களும் காப்பாற்றப்பட்டனர். எண்ணெய் கொட்டியது, ஊர்க்காரர்கள் 3,700-க்கும் மேற்பட்ட வடக்கு ராக்ஹாப்பர் பென்குயின்களை அள்ளிக்கொண்டுபோய்க் கழுவினார்கள், பிழைத்துக் கடலுக்குத் திரும்பியது பத்தில் ஒன்று. எண்ணெய் பட்ட இறகில் காற்றடைப்பு போய்விடும், குளிர் உடம்பில் இறங்கிவிடும். கழுவினாலும் இழந்த கொழுப்பு உடனே வராது. இவ்வளவுக்கு நடுவிலும் பறவை ஆய்வாளர்கள் முதலில் தேடியது எலியை. நல்லவேளை, ஒன்றும் கரையேறவில்லை. இந்தப் பென்குயின் இனத்தின் பெரும்பங்கு இந்தத் தீவுகளில்தான். மஞ்சள் புருவக் கொண்டையும் சிவந்த கண்ணுமாக, பாறைக்குப் பாறை இரண்டு காலையும் சேர்த்துத் தாவும்.

கஃப் தீவின் கதைதான் மிகக் கசப்பானது. 19-ஆம் நூற்றாண்டில் கடல்நாய்த் தோலுக்காக வந்தவர்களின் கப்பலில் சுண்டெலி வந்தது. வீட்டில் பருப்பு கடிக்கிற அதே சுண்டெலி, அங்கே ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டது. அதே தீவில்தான் டிரிஸ்டன் ஆல்பட்ராஸ், விரித்தால் மூன்று மீட்டர் இறக்கை உள்ளது, ஏறக்குறைய முழு இனமும் கூடு கட்டுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை. குஞ்சு குளிர்காலம் முழுக்கத் தரையில், திறந்த கூட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்; தாய்தகப்பன் பல நாளுக்கு ஒருமுறை வந்து ஊட்டிப்போகும். குளிரில் விதையும் பூச்சியும் குறையும்போது சுண்டெலிகள் இரவில் அந்தக் குஞ்சின் முதுகை உயிரோடு கடித்துத் தின்கின்றன. பத்துக் கிலோ குஞ்சு முப்பது நாற்பது கிராம் எலியைத் தட்டிவிடலாம், தட்டாது. கடிக்கிற மிருகம் என்று ஒன்று அதன் பரம்பரைக்கே தெரியாது. தீவு முழுக்க எல்லா இனங்களிலும் சேர்த்து ஆண்டுக்கு இருபது லட்சம் முட்டையும் குஞ்சும் இப்படிப் போவதாக 2018-இல் மதிப்பிட்டார்கள்.

2021-இல் ஹெலிகாப்டர்களில் விஷ உருண்டை தூவி எலியை ஒழிக்க முயன்றார்கள். குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அப்போது எலி குட்டி போடாது, பசியும் அதிகம். செங்குத்துப் பாறை இடுக்குகளிலும் உருண்டை விழ வேண்டும், ஒரு எலியின் நடமாட்ட எல்லைகூட விடுபடக் கூடாது, மழை கரைக்கும் முன் தின்றிருக்க வேண்டும். 99.9 விழுக்காடு என்பதற்கு இங்கே மதிப்பெண் பூஜ்யம். அந்த டிசம்பரில் தானியங்கிக் கேமராவில் ஒரு எலி தெரிந்தது. மறுபடி பெருகிவிட்டன. ஆனாலும் அந்தப் பருவத்தில் எலி குறைந்திருந்ததால் குஞ்சுகள் கூடுதலாகத் தப்பின. இந்த வழி சரியானது, கைக்கு எட்டியும் தவறியது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கடலில் ராட்சதக் கெல்ப் பாசிக்காடு. அதற்குள் டிரிஸ்டன் சிங்கி இறால். முட்டம், கடியப்பட்டணம், குளச்சலில் கூட்டில் விழும் நம் சிங்கி இறாலைப் போலவே கொடுக்கு இல்லாமல், முள் உடம்போடு இருக்கும், குளிர்நீர் இனம். ஊரின் வருமானம் பெரும்பாலும் இதுதான். தீவுக்குத் தீவு ஆண்டுப் பங்கு வரையறுத்திருக்கிறார்கள், அளவு குறைந்ததைத் திரும்ப விடவேண்டும். மீன்பிடி நாளை முடிவு செய்வது கடல்தான். விடியுமுன் கடலைப் பார்த்துவிட்டு, தோதாக இருந்தால் ஊர் நடுவே தொங்கும் பழைய காலி கேஸ் சிலிண்டரைச் சுத்தியால் அடிப்பார்கள். அந்த 'டாங்' ஓசை கேட்டால்தான் படகு இறங்கும். கேட்காவிட்டால் கிழங்குப் பாத்தி. 2020-இல் சுற்றுக்கடல் 6,87,000 சதுர கிலோமீட்டரை, அதாவது தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்குக்கும் மேல், பாதுகாப்பு மண்டலமாக அறிவித்து, அதில் பெரும்பகுதியில் மீன்பிடியையே நிறுத்திவிட்டார்கள்.

போக முடியுமா என்றால், முடியும், அவசரம் கூடாது. விமான நிலையம் இல்லை. கேப்டவுனிலிருந்து ஆண்டுக்குச் சில கப்பல்தான், ஆறு முதல் பத்து நாள். முதலில் தீவு மன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். அதற்குத் திரும்பும் பயணம் உறுதி, மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தென்னாப்பிரிக்க விசா வேண்டும், கேப்டவுனுக்கே திரும்பி வருவதால் பலமுறை நுழையும் வகையாக. ஒரு முறை மட்டும் நுழையும் விசாவோடு கிளம்பினால் திரும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். கப்பலில் படுக்கை குறைவு. நோயாளிகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் முதலிடம் என்பதால் உங்கள் சீட்டு கடைசி நேரத்தில் தள்ளிப்போகலாம். கஃப் தீவில் சுற்றுலாப் பயணிகள் இறங்க அனுமதியே இல்லை. சின்னத் தீவுகளில் ஊர் வழிகாட்டியோடுதான்.

கிளம்பும் முன் பையைக் கவிழ்த்து உதற வேண்டும். செருப்பு அடிப்பள்ளத்தில் காய்ந்த சேறு, சாக்ஸில் ஒட்டிய நாயுருவி, வெல்க்ரோ பட்டையில் மாட்டிய புல்விதை, சட்டைப்பையின் மூலையில் கிடக்கும் நெல்மணி, எல்லாம் எடுபட வேண்டும். கப்பலில் மறுபடி சோதிப்பார்கள். திரும்பும் தேதிக்குப் பின்னாலும் இரண்டு வாரமாவது கூடுதலாக வேலைக்கு விடுப்பு போடுங்கள். வாசலில் நங்கூரமிட்டுக் கப்பல் மூன்று நாள் நிற்பதும், அலை தணியாமல் ஒருவரும் இறங்காமலே சுற்றுலாக் கப்பல் திரும்பிப் போவதும் அங்கே வழக்கமான சங்கதி.